செம்பருத்தியும் முதற் சீலமும்

சென்ற வைகாசிப் பௌர்ணமியன்று, பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் எங்கள் சிறு கூட்டத்தின் முன் பஞ்சசீலத்தைக் குறித்துச் சில சொற்கள் பேசி முடித்தேன். கூட்டம் கலைந்த பின்னர் ஓர் அம்மையார் மட்டும் பின்தங்கி நின்றார். அவர் கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. அதனை விரித்துக் காட்டினார். உள்ளே செம்பருத்தியின் இளந்தளிர் ஒன்று, சுருண்டு முடங்கி, வெண்மாவைத் தூவினாற்போலக் கிடந்தது. "ஐயா, மாடித் தொட்டியில் ஆறு வருஷமாக வளர்த்த செடி. பக்கத்து வீட்டுக்காரர் மருந்து கொடுத்திருக்கிறார். உயிர்க்கொலை செய்ய மாட்டேன் என்று இப்பொழுதுதான் எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன். நாளைக் காலையில் மருந்து அடிக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

ஒரே வார்த்தையில் விடை பகர என் நா எழவில்லை. "அம்மா, நாளைக் காலையில் அடிக்க வேண்டாம். மாலையில் நான் வந்து செடியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் கூறி அனுப்பினேன். அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. இதே வினா ஒருகால் என் வாயிலிலும் வந்து நின்றதுண்டு. அன்று நான் தவறினேன். அத்தவற்றையும், அதனின்று நான் கற்றுக்கொண்டதையும் அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

'செடிக்குப் பிடித்த பூச்சியைப் பற்றியா ஒரு தருமக் கட்டுரை?' எனச் சிலர் நகைக்கலாம். போரும் வறுமையும் நிறைந்த உலகில் இது சிறு பொருளாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் எண்ணிப் பாருங்கள். படை நடத்தலாமா கூடாதா என்று முடிவு செய்யும் பொறுப்பு நம்மில் எவருக்கும் வாய்ப்பதில்லை. நம்முடைய முதற் சீலம் சோதனைக்கு வரும் இடம் சமையலறையும், கழிநீர் வாய்க்காலும், மாடித் தொட்டியுமே ஆகும். அங்கே அதனைக் காக்கத் தெரியாதவன் வேறெங்கும் காக்கப் போவதில்லை.

முதலில் அச்செடியைப் பற்றி. செம்பருத்தி என்றும் பசுமை மாறாத ஒரு புதர். லின்னேயஸ் என்னும் அறிஞர் 1753-இல் அதற்கு இட்ட பெயர் 'சீனத்து ரோஜா' எனப் பொருள்படும். நம் தமிழோ அதனைச் 'செம்மையான பருத்தி' என்றது. தமிழர் இட்ட பெயரில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. பருத்தி, வெண்டை, பூவரசு, துத்தி, செம்பருத்தி ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது இன்றைய தாவர நூலாரின் துணிபு. வெண்டைப் பூவையும் செம்பருத்திப் பூவையும் அருகருகே வைத்து, நடுவே நீண்டு நிற்கும் மகரந்தத் தண்டினைப் பார்த்தால் எவருக்கும் இது விளங்கும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பதினெட்டாம் வயதில் பஞ்சாலைக்குள் புகுந்து, அவ்வாலை மூடப்படும் வரையில் பருத்தியோடு வாழ்ந்தவன் நான். என் மனைவியார் வீட்டு முற்றத்தில் ஒரு செம்பருத்தியை நட்டபோது, 'ஆலையில் அண்ணன், வீட்டில் தங்கையா?' என்று நான் வேடிக்கையாகக் கேட்டதுண்டு.

அதனை வளர்ப்பது அரிதன்று. மழைக்காலத் தொடக்கத்தில், பென்சில் பருமனுள்ள அரையடிக் கிளைத்துண்டு ஒன்றை வெட்டி, அடியிலுள்ள இலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் ஒன்று ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். பெங்களூர் கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே கடும் வெயிலும் இல்லை, உறைபனியும் இல்லை. செடிக்கு அது நன்மை. நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் வேண்டும். தொட்டியின் அடியில் நீர் வடியத் துளை வேண்டும். மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். புதுக்கிளையில்தான் பூ வருமாகையால், ஆண்டுக்கொரு முறை அளவாகக் கவாத்துச் செய்தல் நலம். பூ காலையில் மலரும். பெரும்பாலும் அன்று மாலையே வாடும். செடியோ வாடுவதில்லை. பசுமை மாறாச் செடி என்றால் இலை உதிராச் செடி என்று பலர் நினைக்கின்றனர். அது பிழை. ஒவ்வோர் இலையும் தன் காலத்தில் பழுத்து உதிரவே செய்கிறது. ஒன்று உதிரும் முன்னரே வேறொன்று தளிர்த்துவிடுவதால் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. இச்சொல்லை நினைவில் வையுங்கள். 'கண்ணுக்குத் தெரிவதில்லை' என்பதே இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படை.

இனி அப்பூச்சி. அதனை மாவுப்பூச்சி என்பர். பெண் பூச்சிக்கு இறகு இல்லை. உடலின்மேல் வெண்மையான மெழுகுப் பொடியைப் போர்த்துக்கொண்டு, தளிரின் கணுவிலும் இலையின் அடிப்புறத்திலும் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். பஞ்சுபோன்ற பையில் நூற்றுக்கணக்காக முட்டையிடும். முட்டையினின்று வெளிவரும் குஞ்சுகள் ஊர்ந்து பரவி, தக்க இடம் கண்டதும் அமர்ந்துவிடும். வெப்பமும் வறட்சியும் கூடிய மாசி முதல் வைகாசி வரை அவை பெருகும் காலம். உறிஞ்சிய சாற்றில் மிகுந்ததை இனிப்பான பசையாகக் கழிக்கும். அப்பசைக்காக எறும்புகள் வரிசையாக ஏறி வரும். அப்பூச்சிகளைத் தின்ன வரும் வண்டுகளைத் துரத்திக் காவலும் செய்யும். பசை படிந்த இலைமேல் கரும்பூசணம் படரும். இலை கருத்து, தளிர் சுருண்டு, மொட்டு உதிரும் நிலை வந்த பின்னரே வீட்டார் விழித்துக்கொள்வர். அதற்குள் அவை பல்லாயிரமாகப் பெருகியிருக்கும்.

என் வீட்டில் நடந்ததும் அதுவே. என் மனைவியார் 2017-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலமானார். அதற்குப் பின் எட்டு மாதங்கள் நான் அச்செடியின் அருகே செல்லவில்லை. அதனைப் பார்க்க மனம் ஒப்பவில்லை என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன். என் மகள் வேலைக்குச் செல்லும் அவசரத்தில் தினமும் ஒரு செம்பு நீரை மேலாக ஊற்றிச் செல்வாள். மறு ஆண்டு சித்திரையில் ஒருநாள் தற்செயலாக நோக்கினேன். அவர் கை நட்ட செடி முழுவதும் வெண்படலம். எனக்கு வந்தது துயரம் அன்று, சினம். அந்தப் பூச்சிகள் என் மனைவியாரின் நினைவையே தின்பதுபோல் எனக்குத் தோன்றிற்று. கடைத்தெருவிற்குச் சென்று, 'கடுமையானதாகக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கிவந்து, சொன்ன அளவினும் கூடுதலாகக் கலந்து, செடி நனைய நனைய அடித்தேன். அன்று மாலை பௌர்ணமிக் கூட்டம். கை கழுவி, வெள்ளாடை உடுத்திச் சென்று, அமர்ந்திருந்த அன்பர்களுக்குப் பஞ்சசீலம் எடுத்துரைத்தேன். முதற் சீலத்தை நான் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். என் கையில் அந்த வாடை அப்போதும் இருந்தது.

மறுநாள் தொட்டியடியில் எறும்புகளும், ஒரு தேனீயும், பல வெண்பூச்சிகளும் இறந்து கிடந்தன. வெண்பூச்சிகளில் சில மற்றவற்றினும் பெரியனவாயும் நீண்ட மெழுகு இழைகளை உடையனவாயும் இருந்தன. 'இவையே தாய்ப் பூச்சிகள் போலும். ஒழிந்தன' என்று மகிழ்ந்தேன். அடுத்த ஆண்டு லால்பாக் மலர்க்காட்சிக்குச் சென்றபோது, செடி நோய்களைப் பற்றிய படங்களை விளக்கிக்கொண்டிருந்த ஒருவர், அதே பெரிய வெண்பூச்சியின் படத்தைக் காட்டி, 'இது மாவுப்பூச்சி அன்று. மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. தான் தின்னும் இனத்தைப் போலவே வேடம் பூண்டிருக்கும்' என்றார். அவ்விடத்திலேயே நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். நான் துணைக்கு அழைக்காமலே வந்து, என் செடியைக் காத்துக்கொண்டிருந்த உயிர்களை நான் பகையென்று கருதிக் கொன்றேன். காவலர் ஒழிந்ததனால், அந்த ஆண்டில் மாவுப்பூச்சி இருமுறை மீண்டும் வந்தது. இறுதியில் செடியை ஒரு சாண் கட்டையாக வெட்ட நேர்ந்தது. ஆடி மழையில் அக்கட்டை துளிர்த்தது, என் தகுதியினால் அன்று.

இதனை நான் கூட்டத்தில் எவரிடமும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? எனக்கு மூன்று சமாதானங்கள் கைவசம் இருந்தன. அவை எல்லாரிடமும் உள்ளவையே ஆகையால், ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதற் சமாதானம், 'அவை மிகச் சிறிய உயிர்கள்' என்பது. சிறிய உயிரைக் கொல்வதும் பெரிய உயிரைக் கொல்வதும் ஒரே அளவான தீங்கு என்று பௌத்த உரையாசிரியர்கள் கூறவில்லை. உயிரின் தன்மைக்கும், முயற்சியின் கடுமைக்கும், உள்ளத்தின் வேகத்திற்கும் ஏற்பத் தீமை கூடும், குறையும் என்பதே அவர்கள் கொள்கை. ஆனால் குறைவு என்பது வேறு. இல்லை என்பது வேறு. கொலை எனப்படுவதற்கு அவர்கள் ஐந்து உறுப்புகளை வகுத்தனர். உயிர் ஒன்று இருத்தல், அது உயிர் என்று அறிந்திருத்தல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் அவ்வுயிர் இறத்தல். அளவுகோல் ஒன்றும் இவ்வைந்தினுள் இல்லை. நான் அடித்த நாளில் ஐந்தும் குறைவின்றி இருந்தன. மேலும் என் உள்ளத்தில் சினமும் இருந்தது. சிறிய உயிர் என்பதால் குறைந்ததைச் சினம் மீண்டும் கூட்டிவிட்டது.

இரண்டாம் சமாதானம், 'செடியும் ஓர் உயிர்தானே. அதனைக் காக்கவே இதனைச் செய்தேன்' என்பது. இதனை முற்றிலும் பொய் என்று நான் சொல்லேன். செடிகொடிகளை அழித்தல் பிக்குகளுக்கு விநயத்தில் குற்றமாக விதிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பசுமையைப் பேணுதல் தருமத்திற்குப் புறம்பானதன்று. ஆனால் என் நெஞ்சைத் தொட்டுக் கேட்டபோது, செடியின் உயிருக்காக நான் அடிக்கவில்லை. எட்டு மாதம் அதன் உயிரைப் பற்றி எண்ணாதவனுக்கு ஒரே காலையில் அதன்மேல் கருணை எங்கிருந்து வந்தது? 'என் செடி', 'என் மனைவியின் செடி' என்ற பற்றுக்காக அடித்தேன். பற்று எப்பொழுதும் கருணையின் ஆடையைக் கடன் வாங்கிக்கொண்டே வெளியில் வரும்.

மூன்றாம் சமாதானம் மொழியினுடையது. நாம் அந்நஞ்சை 'மருந்து' என்கிறோம். 'மருந்து அடித்தேன்' என்று சொல்லும்போது வைத்தியம் செய்ததுபோல் காதுக்கு இனிதாக ஒலிக்கிறது. யாருக்கு மருந்து? சவர்க்கார நீரும் வேப்பெண்ணெயும் இயற்கையானவை, ஆகவே அவற்றால் பாவமில்லை என்பாரும் உளர். மண்ணுக்கும், தேனீக்கும், வீட்டுக் குழந்தைக்கும் அவற்றால் வரும் கேடு குறைவு என்பது மெய். ஆகையால் கடை நஞ்சினும் அவை எவ்வளவோ மேல். ஆயினும் சவர்க்கார நீர் பட்ட பூச்சி உடல் உலர்ந்தே சாகிறது. அதற்குச் சாவு சாவுதான். பெயரை மாற்றினால் செயல் மாறுவதில்லை.

'அப்படியானால் என்ன செய்வது? செடியே வளர்க்கக் கூடாதா?' என்று வாசகர் கேட்பது என் செவியில் விழுகிறது. இவ்விடத்தில்தான், சீலத்தை நாம் எந்த நாளில் வைத்து எண்ணுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். பூச்சி பல்லாயிரமாகப் பெருகிய நாளில் நின்றுகொண்டு, 'கொல்லலாமா, கூடாதா?' என்று கேட்டால், எவ்விடையும் நல்ல விடையாக இராது. அவ்வினா ஒரு மாதத்திற்கு முன்னரே விடை பெற்றிருக்க வேண்டும். கணுவிடுக்கில் ஒரே ஒரு வெண்புள்ளி இருந்தபோது அவ்விலையைத் திருப்பிப் பார்க்காத கைதான், பின்னர் நஞ்சுக் குப்பியைத் தேடிப் போகிறது. கொலை செய்யும் நாளில் சீலம் உடைவதாக நாம் எண்ணுகிறோம். பாராமுகமாக இருந்த எட்டு மாதத்தில் அது நூல் நூலாக அறுந்துகொண்டிருந்தது.

ஆலையில் நூற்பு இயந்திரத்தின் முன் நின்றவர்கள் இதனை எளிதில் அறிவார்கள். நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும். அவற்றில் எங்கேனும் ஒரு நூல் அறும். வரிசையில் நடந்துகொண்டே இருப்பவன் அதனை உடனே கண்டு, விரல் நுனியால் இணைத்துவிடுவான். ஒரு கணத்தில் முடிந்துவிடும். அவன் பாராதிருந்தால், அறுந்த இழை உருளையில் சுற்றிக்கொண்டு தடித்துவிடும். பிறகு விரலால் ஆகாது. கத்திகொண்டு அறுக்க வேண்டும். கத்தியை எடுத்தது குற்றமா என்று அப்போது மேஸ்திரியிடம் வாதிடுவதில் பொருளில்லை. கத்தி வேண்டிவரும்படி விட்டதே குற்றம். நல்ல தொழிலாளியின் இடுப்பில் கத்தி இருக்கும். ஆனால் அவன் அதனை அரிதாகவே எடுப்பான்.

பகவான் புத்தர் சங்கத்திற்கு வகுத்த ஒழுக்கத்தில் இக்கருத்து வெளிப்படையாக இருக்கிறது. பிக்குவின் எட்டுப் பரிக்காரங்களுள் ஒன்று நீர் வடிகட்டி. நீரைக் குடித்தபின் 'அதில் உயிர் இருந்ததா?' என்று வருந்துவதற்கு அவர் கற்பிக்கவில்லை. குடிக்கும் முன் வடிகட்டச் செய்தார். உயிர்கள் உள்ள நீர் என்று தெரிந்தே அதனைப் புல்லின்மேலும் மண்ணின்மேலும் ஊற்றுவதும் குற்றமென விதிக்கப்பட்டது. தொட்டிக்கு நீர் ஊற்றும் நமக்கு இது எவ்வளவு நெருங்கிய விதி! மழைக்காலத்தில் பிக்குகள் ஊர் ஊராக நடக்கையில் பசும்பயிரும் சிற்றுயிர்களும் மிதிபடுகின்றன என்று மக்கள் குறை கூறினார்கள். அதனால் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் வஸ்ஸ விரதம் ஏற்பட்டது. மிதித்தபின் மன்னிப்புக் கேட்கும் முறையை மட்டும் அவர் ஏற்படுத்தவில்லை. மிதிக்க நேராத வாழ்க்கையை முன்கூட்டியே ஒழுங்கு செய்தார். இதற்கே அப்பமாதம், அதாவது சோர்வின்மை, என்று பெயர். கொல்லாமைக்குக் கைகால்கள் உண்டானால், அவை சோர்வின்மையே.

சோர்வின்றி இருந்தும் சில வேளைகளில் உயிர்கள் இறக்கும் என்பதை மறைக்கலாகாது. அதற்கு வழிகாட்டியாக எனக்குத் தோன்றுபவர் அசோகச் சக்கரவர்த்தி. கிர்நார், ஆந்திர நாட்டு எர்ரகுடி முதலிய இடங்களிலுள்ள அவருடைய முதற் பாறைச் சாசனத்தைப் பாருங்கள். தம் அரண்மனைச் சமையலுக்காக முன்னர் நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்போது மூன்றே கொல்லப்படுகின்றன, அவை இரு மயிலும் ஒரு மானும், அம்மானும் எப்பொழுதும் அன்று என்றும், இனி அம்மூன்றும் கொல்லப்படா என்றும் அதில் பொறிக்கச் செய்தார். 'ஒன்றும் கொல்வதில்லை' என்று எழுதியிருந்தால் அவரைத் தட்டிக் கேட்பவர் எவர்? ஆயினும் மூன்று என்றே எழுதினார். குறைத்ததையும் சொன்னார்; மீதியையும் சொன்னார். பிற்காலத்தில் பொறித்த ஐந்தாம் தூண் சாசனத்தில், உயிர்கள் உள்ள உமியை எரிக்கலாகாது என்று கட்டளையிட்டார். மயிலையும் மானையும் எண்ணத் தொடங்கிய கண், காலப்போக்கில் உமியிலுள்ள பூச்சி வரையில் கூர்மையடைந்தது. உள்ளதை உள்ளபடி எண்ணியவனுக்கே இந்த வளர்ச்சி கிட்டும். என்னைப்போல் மறைத்தவனுக்குக் கிட்டாது.

நம் பெங்களூரிலேயே, ஹெப்பாளத்தில், தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டுப் பூச்சி 2008-இல் கோயமுத்தூர்ப் பக்கத்தில் காணப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, முசுக்கொட்டை முதலியவற்றை அழித்தது, செம்பருத்தியையும் விடவில்லை. உழவர்கள் நஞ்சை அடித்து அடித்துச் சலித்தனர். அப்பணியகத்தார் 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூவகைச் சிறு குளவிகளைத் தருவித்து, பெருக்கி, வயல்களில் விட ஏற்பாடு செய்தனர். அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுள் முட்டையிடும். அதன் குஞ்சு அப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வெளிவரும். தொல்லை வெகுவாகக் குறைந்தது. நான் மேலே சொன்ன பொறிவண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் காப்பித் தோட்டங்களின் பொருட்டு இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டதேயாம்.

'குளவி கொல்வது என் கொலை ஆகாதன்றோ?' என்று ஒருவர் கேட்கலாம். பிறரை ஏவிக் கொல்விப்பதும் கொலையே என்று நூல்கள் கூறும். குளவிக்கு நம் ஏவல் விளங்காது என்பது சரி. ஆனால் நம் எண்ணம் நமக்கு விளங்கும். தானே வந்த வண்டைத் துரத்தாமல் விடுதல் ஒன்று. காசு கொடுத்து வாங்கி விடுதல் வேறொன்று. முன்னதில் கொல்லும் எண்ணமோ முயற்சியோ நமக்கு இல்லை. பின்னதில் இரண்டும் ஓரளவு உண்டு. இருந்தும், நஞ்சினால் மாண்டிருக்கக்கூடிய தேனீக்களையும், நஞ்சை முகர்ந்து நோயுற்றிருக்கக்கூடிய கூலியாட்களையும் எண்ணும்போது, அவ்வறிஞர்களின் பணியை நான் வணங்குகிறேன். அவர்கள் கணக்கை மூன்று வரையில் குறைத்தவர்கள். குறைத்ததைப் போற்றுவோம், மீதி இல்லை என்று மட்டும் சொல்லாதிருப்போம்.

மறுநாள் மாலை அவ்வம்மையார் வீட்டு மாடிக்குச் சென்றேன். முதலில் என் கதையைச் சொன்னேன். பௌர்ணமியன்று சங்கத்தார் கூடித் தத்தம் பிழையை ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்வது மரபு. நான் பிக்கு அல்லேன். ஆயினும் கேள்வி கேட்டவரிடமே முதலில் சொல்லுதல் முறையெனத் தோன்றிற்று. அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்புறம் எப்படி ஐயா சீலம் சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்றார். என்னிடம் விடை இல்லை. அக்கேள்வி எனக்கு உரியதே.

பின்னர் இருவரும் செடியைப் பார்த்தோம். முற்றிலும் மூடப்பட்ட இரு கிளைகளை வெட்டி, செடிகள் இல்லாத மூலையில் வைத்தோம். எஞ்சியவற்றைக் கணுக் கணுவாக நீரால் கழுவினோம். "வெட்டின கிளையில் இருப்பவை பட்டினி கிடந்து சாகாதா? கழுவினவை பிழைக்குமா?" என்று அவர் கேட்டார். "பல சாகும், அம்மா. இது கொலையன்று என்று நான் சொல்லவில்லை. மருந்தடித்தால் சாவதினும் மிகக் குறைவு. நம் மனத்தில் சினமும் இல்லை. இவ்வளவுதான் இன்று நம்மால் ஆவது. அடுத்த ஆண்டு இதுவும் வேண்டாதபடி செய்வோம்" என்றேன். ஓர் இலையின் அடியில் நீண்ட மெழுகு இழையுடைய வெண்புழு ஒன்று விரைந்து ஊர்ந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி, "இவரை மட்டும் கழுவாதீர்கள்" என்றேன். அவர் சிரித்தார்.

இனி, வீட்டில் செம்பருத்தி வளர்க்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியவை இவையே. சித்தாபுரத்து நாற்றுப் பண்ணைகளிலிருந்தோ வேறெங்கிருந்தோ புதுச்செடி வாங்கினால், இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள். தொட்டிகளை நெருக்காமல் காற்றும் வெயிலும் புகவிடுங்கள். உரத்தை அளவோடு இடுங்கள்; மிகுந்த உரத்தால் தளதளவென்று வளரும் தளிரே சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கு விருந்து. எறும்பு வரிசையைக் கண்டால் எறும்பின்மேல் கோபம் கொள்ளாதீர்கள். அது உங்களுக்குச் செய்தி கொண்டுவந்த தூதன். அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, நாள்தோறும் காலையில் சில இலைகளையேனும் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள். ஒரே ஒரு வெண்புள்ளியைக் கண்டால், ஒரே ஓர் இலையைக் கிள்ளி எடுப்பதோடு முடிந்துபோகும்.

துயரத்தில் இருப்பவர்க்கு ஒரு சொல். இறந்தவர் நட்ட செடியைப் பார்க்க மனம் வரவில்லை என்று நான் எட்டு மாதம் விலகியிருந்தேன். அதனை அன்பு என்று கருதினேன். என் மனைவியார் இருந்த காலத்தில், காலைக் காப்பிக்கு முன்னர் அவர் அச்செடியருகே குனிந்து இலைகளைப் புரட்டுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 'பூ எண்ணுகிறார்' என்று நினைத்தேன். அவர் எண்ணியது பூவை அன்று என்பது இப்போது விளங்குகிறது. சீலத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. அவர் இருந்த வரையில் எங்கள் வீட்டில் நஞ்சுக் குப்பி இருந்ததும் இல்லை.

அடுத்த பௌர்ணமியில் நாம் கூடி முதற் சீலத்தைச் சொல்லும்போது, அவ்வாக்கியம் நம் நாவில் தொடங்குவதாக எண்ணாதிருப்போமாக. அன்று காலையில் இலையைத் திருப்பிப் பார்த்த கையில் அது தொடங்கியிருக்கட்டும். எவ்வுயிர்க்கும் நலம் உண்டாகுக.